மழை விடுமுறையும் துறுதுறு பையன்களும்

வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி பிறந்து மழை பிடித்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, வீட்டுக்குள் அடைபட்ட ஆண்பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்றே கேட்கின்றன. எழுதியவர்களில் இளம் தாய்மாரும் உண்டு, பேரன்களைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சிமாரும் உண்டு, தந்தையரும் உண்டு. ஆகவே இந்த இதழ் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்களுக்கு எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு மகன்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் வசிக்கிறோம். மழைக்காக ஆட்சியர் விடுமுறை அறிவித்தவுடன் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள். எனக்குக் காலை ஒன்பது மணிக்கே மலைப்பாக இருக்கிறது. சோபாவிலிருந்து குதிப்பதும், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரள்வதுமாகவே பொழுது போகிறது. வண்ணம் தீட்டும் புத்தகங்களும் புதிர் அட்டைகளும் வாங்கிக் கொடுத்தேன். சிறிது நேரம்கூட உட்காரவில்லை. கடைசியில் கைப்பேசியைக் கையில் கொடுத்தால்தான் வீடு அடங்குகிறது. வேறு வழி உண்டா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உண்டு, சகோதரி. நீங்கள் வாங்கிக் கொடுத்த பொருள்களில் குறையில்லை. கொடுத்த நேரம்தான் பொருந்தவில்லை. பள்ளி நாளில் உங்கள் மகன்கள் எவ்வளவு நடக்கிறார்கள், எத்தனை முறை மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள், இடைவேளை மணி அடித்ததும் மைதானத்தில் எப்படி ஓடுகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாள்தோறும் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மழை நாளில் அந்த ஓட்டம் முழுவதும் நின்றுபோகிறது. ஆனால் உடம்பு அதைக் கேட்பதை நிறுத்துவதில்லை. அந்த நிலையில் இருக்கும் பிள்ளையிடம் காலையிலேயே வண்ணப் பென்சிலைக் கொடுத்தால் அவன் சோபாவிலிருந்துதான் குதிப்பான். எனவே முதலில் உடம்புக்கு வேலை, அடுத்துக் கைக்கு வேலை, அதன் பிறகே உட்கார்ந்து ஆடும் ஆட்டம் என்ற வரிசையை விடாமல் பின்பற்றுங்கள். இந்த வரிசை ஒன்று சரியாக அமைந்துவிட்டால், புதிதாக எந்தப் பொருளும் வாங்க வேண்டியதில்லை.

உடம்புக்கு வேலை என்றால் ஓட்டமும் குதியும் மட்டுமல்ல. இழுப்பது, தள்ளுவது, சுமப்பது, தவழ்வது ஆகியவைதான் பையன்களை விரைவாகவும் நிறைவாகவும் களைப்படையச் செய்கின்றன. அவற்றுக்குப் பெரிய இடமும் தேவையில்லை. பழைய கெட்டிப் போர்வை ஒன்றைத் தரையில் விரித்து, இளையவனை அதன் நடுவில் சம்மணமிட்டு உட்கார வைத்து, இரண்டு ஓரங்களையும் அவன் கைகளால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூத்தவன் போர்வையின் முன் நுனியைத் தோளின் மேல் போட்டுப் பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னுக்குச் சாய்த்து, வாசற்கதவிலிருந்து அடுக்களை வாசல்வரை இழுத்துச் செல்ல வேண்டும். மொசைக் தரையிலும் டைல்ஸ் தரையிலும் போர்வை நன்றாக வழுக்கும் என்றாலும், ஐந்து வயதுப் பிள்ளையின் எடையை இழுக்க எட்டு வயதுப் பிள்ளை தன் பலம் முழுவதையும் காட்டத்தான் வேண்டியிருக்கும். திரும்பும்போது இளையவன் இழுக்க வேண்டுமென்று ஒரு விதி வையுங்கள். அண்ணனை ஏற்றினால் போர்வை அசையாது. ஆகவே அவனுக்கு ஐந்து கிலோ அரிசிப் பையை ஏற்றிக் கொடுங்கள். கூர்மையான முனையுள்ள மேசையையும் நாற்காலியையும் முன்னதாகவே ஒதுக்கிவிடுவது நல்லது.

இதில் சலிப்புத் தட்டினால் நண்டு நடை இருக்கிறது. தரையில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, வயிறு மேலே பார்த்தபடி பக்கவாட்டில் நகர வேண்டும். வயிற்றின் மேல் ஒரு சிறிய தலையணையை வைத்து அது விழாமல் அறையைச் சுற்றி வரச் சொன்னால், இரண்டு சுற்றுக்குள் கை கால்கள் கடுக்கத் தொடங்கிவிடும். நாற்காலிக் கால்களுக்கு இடையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, கயிற்றில் பழைய கொலுசு ஒன்றைத் தொங்கவிட்டு, அது ஒலிக்காமல் தவழ்ந்து மறுபுறம் போக வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். இதுவரை வீட்டை அதிர வைத்த அதே பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊர்வார்கள். மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டு முழங்காலில் நின்றபடி சடுகுடு பாடுவதும் நல்ல விளையாட்டு. எழுந்து நின்றால் ஆட்டத்திலிருந்து வெளியே என்பது ஒன்றே விதி. இவற்றையெல்லாம் காலை உணவு செரித்தவுடன் ஒரு முறையும், மாலை நான்கு மணியளவில் மற்றொரு முறையும் வைத்துக்கொண்டால் அன்றைய நாள் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

அடுத்தது கைக்கு வேலை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பையன்களுக்கு விளையாட்டுச் சாமானை விடவும் உண்மையான வேலை பிடிக்கும். அந்த வேலையின் பலன் வீட்டாருக்குப் பயன்பட வேண்டும், தான் செய்ததைப் பெரியவர்கள் உண்ண வேண்டும், உபயோகிக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு மிகுதி. ஆண்பிள்ளை என்ற காரணத்தால் அவர்களை அடுக்களைக்கு வெளியே நிறுத்தி வைக்கும் வழக்கம் நம் பகுதி வீடுகளில் இன்னும் முழுவதும் ஒழியவில்லை. அதனால் மழை நாளில் வீட்டிலேயே சிறந்த விளையாட்டு இடத்தை அவர்கள் இழந்துவிடுகிறார்கள்.

மழை வரும் என்ற அறிவிப்பைக் கேட்ட இரவே இரண்டு கைப்பிடி உலர்ந்த மொச்சையை ஊறப்போடுங்கள். மறுநாள் அது நன்றாக ஊறித் தோல் தளர்ந்திருக்கும். ஒரு மொச்சையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முனையில் அழுத்தினால், உள்ளிருக்கும் பருப்பு வழுக்கிக்கொண்டு தெறித்து வெளியே பாயும். தோல் கையிலேயே தங்கிவிடும். அந்தத் தெறிப்புக்காகவே பிள்ளைகள் ஒரு கிண்ணம் மொச்சையையும் பிதுக்கி முடிப்பார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தை ஓர் அடி தள்ளி வைத்து, பருப்பு அதற்குள் விழுமாறு குறிபார்க்கச் சொன்னால் வேலையும் நடக்கும், விளையாட்டும் நடக்கும். மதியம் அந்தப் பிதுக்குப் பருப்பில் குழம்பு வைத்துப் பரிமாறும்போது, இது யார் பிதுக்கியது என்பதை அப்பாவிடம் சொல்ல மறக்காதீர்கள்.

கருப்பட்டியைக் கெட்டித் துணியில் சுற்றிக் கொடுத்து, சிறு குழவியால் தட்டி உடைக்கச் சொல்லலாம். உடைத்ததைக் கொதிநீரில் நீங்கள் கரைத்து வடிகட்டும்போது, அடியில் தங்கும் மண்ணையும் தூசியையும் அவர்களுக்குக் காட்டுங்கள்; கருப்பட்டியை ஏன் வடிகட்டாமல் பயன்படுத்தக் கூடாது என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். அதில் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டால் மழைக்கு இதமான பானம் கிடைக்கும். இடியாப்ப மாவைப் பிழிவதற்கும் நல்ல கைப்பலம் வேண்டும். எட்டு வயதுப் பையனுக்கு ஏற்ற வேலை அது. தட்டில் பிழிவது அவன் பொறுப்பு, அடுப்பில் ஏற்றி இறக்குவது உங்கள் பொறுப்பு என்று தெளிவாகப் பிரித்துவிடுங்கள்.

கார்த்திகை நெருங்கும் காலமாகையால் ஓலைக் கொழுக்கட்டையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சந்தையில் பனங்குருத்தோலை கிடைத்தால் ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓலையைக் கழுவித் துணியால் துடைப்பதும், ஒரு சாண் அளவுக்குத் துண்டாக்குவதும், வறுத்த பச்சரிசி மாவும் தேங்காய்த் துருவலும் கருப்பட்டிப் பாகும் சேர்த்துப் பிசைந்த மாவை ஓலைக்குள் நீளமாக அடைத்து மூடுவதும், ஓலை நாரால் இரண்டு இடங்களில் இறுகக் கட்டுவதும் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலைகளே. ஓலையின் ஓரம் கையைக் கீறிவிடும் என்பதால் நுனியிலிருந்து உருவாமல் நடுவில் பிடிக்கப் பழக்குங்கள். முடிச்சு நெகிழ்ந்து மாவு வெளியே வழிந்தாலும் அதையும் சேர்த்தே அவித்துவிடுங்கள். மிஞ்சிய ஓலையில் காற்றாடி செய்துகொள்ளலாம். மின்விசிறி இருக்கும்வரை காற்றுக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவதாக, மழையையே ஒரு வேலையாக்கிவிடலாம். பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் புட்டி ஒன்றின் மேல் பகுதியை நீங்கள் அறுத்துக் கொடுங்கள். அறுத்த பகுதியைத் தலைகீழாகப் புட்டிக்குள் செருகினால் அதுவே புனலாகிவிடும். காற்றில் சாயாமலிருக்க அடியில் சில கூழாங்கற்களைப் போட்டு, கற்களும் அடிப்பகுதியின் மேடு பள்ளமும் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் சுழியம் என்று கோடு போட வேண்டும். அதற்கு மேல் அளவுகோலை ஒட்டிவிட்டால் மழைமானி தயார். மழை வெறித்த நேரத்தில் நீங்களே அதைச் சுவர், மரம் எதுவும் மறைக்காத வகையில் மட்டப்பாவில், அதாவது மொட்டைமாடியில், வைத்துவிட்டு, காலை 8.30 மணிக்கு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வானிலை ஆய்வுத் துறையும் அந்த நேரத்தில்தான் முந்தைய 24 மணி நேர மழையைக் கணக்கிடுகிறது. 64.5 மில்லிமீட்டரை எட்டினால் அது கனமழை, 115.6 மில்லிமீட்டரைத் தொட்டால் மிகக் கனமழை, 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை. தன் விடுமுறைக்குக் காரணமான மழையைத் தானே அளந்து பெயர் சூட்டுவது எட்டு வயதுப் பையனுக்குப் பெருமை தரும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தால், மொட்டைமாடி முழுவதும் எத்தனை குடம் விழுந்தது என்று அவனே கணக்குப் போடுவான்.

இதோடு சேர்த்து, தரையில் சாக்பீஸால் தாமிரபரணியை வரையச் சொல்லுங்கள். ஒரு சுவரோரம் பொதிகை மலை, எதிர்ச் சுவரோரம் புன்னைக்காயல் கடல். நடுவில் பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் என ஊர்கள். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு ஆகியவை எங்கெங்கே வந்து சேர்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் அறை முழுவதும் ஆறாகிவிடும். நாளிதழில் வரும் அணை நிலவரத்தைப் பார்த்து, 143 அடி கொண்ட பாபநாசம் அணையும் 118 அடி கொண்ட மணிமுத்தாறு அணையும் இன்று எத்தனை அடியில் இருக்கின்றன என்று நீலப் பென்சிலால் காகிதத்தில் உயர்த்திக்கொண்டே போகலாம். இது ஒரு நாளில் முடியாமல் மார்கழி வரை தொடரும் வேலை என்பதுதான் இதன் சிறப்பு.

இவை எல்லாவற்றுக்கும் தொடக்கத்தில் பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு சேர்ந்து தரையில் உட்கார வேண்டும். முதல் பத்து நிமிடங்கள் நீங்களும் மொச்சை பிதுக்குங்கள், நீங்களும் கயிற்றுக்கடியில் தவழுங்கள். ஆட்டம் சூடு பிடித்தபின் எழுந்து உங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம், அவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். பொருளைக் கொடுத்துவிட்டு உடனே அகன்றுவிட்டால் எந்த விளையாட்டும் நிலைக்காது. கைப்பேசியை அறவே மறுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். 2 வயது முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். உங்கள் இளையவன் அந்த வயதை இப்போதுதான் தாண்டியிருக்கிறான். அவனுக்கும் அதே அளவு போதும். அதையும் மாலை விளையாட்டு முடிந்த பிறகு, என்ன பார்ப்பது என்று முன்னதாகவே பேசி முடித்து, பெரிய திரையில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கொடுத்துவிட்டால் அன்று முழுவதும் வேறெதுவும் ருசிக்காது.

கேள்வி: என் பிள்ளைகள் ஓடியாடினால் கீழ் வீட்டிலிருந்து உடனே புகார் வருகிறது. அந்த வீட்டில் வயதான ஒருவர் படுக்கையில் இருக்கிறார். பிள்ளைகளை எவ்வளவுதான் அதட்டுவது?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அதட்ட வேண்டாம், குதிகால் தரையில் மோதாத விளையாட்டுகளை மட்டும் கொடுங்கள். முந்தைய பதிலில் சொன்ன போர்வை இழுப்பு, நண்டு நடை, கயிற்றடித் தவழ்தல் ஆகிய மூன்றிலும் கீழே சத்தம் போகாது. பாண்டி, கயிறு தாண்டுதல், பந்து தட்டுதல் ஆகியவற்றை வீட்டுக்குள் அறவே தவிர்த்துவிடுங்கள். பழைய காலுறைகளைச் சுருட்டிச் செய்த பந்தை அன்னக்கூடைக்குள் எறிவது நல்ல மாற்று. அந்தப் பெரியவர் உறங்கும் நேரத்தைப் பிள்ளைகளையே கீழே அழைத்துச் சென்று மரியாதையாகக் கேட்டு வரச் செய்யுங்கள். தாத்தா தூங்கும் நேரம் என்று தெரிந்துகொண்ட பிள்ளை, அம்மா சொல்லும் "சத்தம் போடாதே" என்பதைவிட அதற்கு அதிகமாகக் கட்டுப்படும்.

கேள்வி: எங்களுடையது பழைய காலத்து நீள வீடு. மழைக்கு லீவு விட்டால் மகள் வீட்டுப் பேரன்கள் மூவரும் இங்கே வந்துவிடுவார்கள். பரணிலிருந்த பல்லாங்குழியை எடுத்துக் கொடுத்தேன். ஆண்பிள்ளைகளுக்குப் பெண்பிள்ளை விளையாட்டைச் சொல்லிக் கொடுக்கலாமா என்று மருமகன் கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்?
– ஓர் ஆச்சி, கல்லிடைக்குறிச்சி

பதில்: தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள், அம்மா. பல்லாங்குழி மனக்கணக்கு விளையாட்டு. அதற்கு ஆண் பெண் என்ற பேதம் கிடையாது. பக்கத்துக்கு 7 குழி, ஆக 14 குழி. குழிக்கு 5 முத்து வீதம் 70 முத்து. ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, முடிந்த இடத்துக்கு அடுத்த குழியை எடுத்துத் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதை வழித்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். இடையில் எந்தக் குழியிலாவது 4 முத்து சேர்ந்தால் அது பசு. யார் பக்கத்துக் குழியோ அவருக்கு அது சொந்தம். முதல் சில ஆட்டங்களில் பேரன்கள் கைக்கு வந்த குழியை அள்ளுவார்கள். பிறகு பாருங்கள், அள்ளுவதற்கு முன்பே கண்ணால் குழிகளை எண்ணி, கை எங்கே போய் நிற்கும் என்று கணிக்கத் தொடங்குவார்கள். அந்த இடத்தில் ஆச்சி வாய் திறந்து யோசனை சொல்லிவிடக் கூடாது. அவனே கண்டுபிடிக்கட்டும்.

மருமகனுக்கு மனக்குறை இருந்தால் அவரையே ஆடுபுலி ஆட்டத்துக்கு அழையுங்கள். 3 புலிகளை அவர் எடுத்துக்கொள்ளட்டும். 15 ஆடுகளைப் பேரன்கள் மூவரும் கூடிப் பேசி வைக்கட்டும். ஆடுகளைத் தாண்டி வெட்டுவது புலியின் வேலை, புலிகளை நகரவிடாமல் கட்டுவது ஆடுகளின் வேலை. நம் ஊர்க் கோயில் மண்டபங்களின் கல் தரையில் இந்தக் கட்டங்கள் வெட்டப்பட்டிருப்பதை அவரும் பார்த்திருப்பார். உங்களைப் போன்ற நீள வீட்டில் முன்பக்கத் தார்சாவிலிருந்து பட்டாசல் என்னும் கூடம் வழியாகப் புறவாசல் வரை ஓடுவதற்கு இடம் இருப்பது பெரிய பாக்கியம். உட்காரும் ஆட்டத்துக்கு முன்னால் அந்த ஓட்டத்தை அனுமதித்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் அங்கணத்தில் மட்டும் ஈரமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் நாள் முழுவதும் சாரல். இரண்டு மகன்களும் வெளியே போகத் துடிக்கிறார்கள். நனைந்தால் சளி பிடிக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் தடுக்கிறார்கள். விடலாமா, கூடாதா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: சாரலில் விடலாம், ஐயா. சளி கிருமியால் வருகிறது, மழைத்துளியால் வருவதில்லை. வீட்டுக்குள் நெருங்கி அடைந்து கிடக்கும்போதுதான் அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதில் தொற்றுகிறது. ஆரோக்கியமான பிள்ளைகளை அரை மணி நேரம் சாரலில் ஆடவிட்டு, வந்தவுடன் ஈர உடையை மாற்றி, தலையைத் துவட்டி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்தால் போதும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் மருத்துவரின் யோசனைப்படி நடந்துகொள்ளுங்கள்.

ஆனால் இரண்டு இடங்களில் கண்டிப்பு வேண்டும். இடி கேட்டால் உடனே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகே மீண்டும் வெளியே போகலாம். தெருவில் தேங்கிய கலங்கல் நீரில் வெறுங்காலுடன் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது, காலில் சிறு காயமிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். காகிதக் கப்பல் விடும் ஆசைக்கு ஓர் அகன்ற பேசினை மழைநீர் பிடிக்க வாசலில் வைத்துவிடுங்கள். சாதாக் கப்பல் செய்யத் தெரிந்தவர்களுக்குக் கத்திக் கப்பலைச் சொல்லிக் கொடுங்கள். எது அதிக நேரம் மிதக்கிறது, எத்தனை புளியங்கொட்டை ஏற்றினால் முழுகுகிறது என்று அவர்கள் சோதித்துக்கொண்டிருப்பார்கள். விளையாட்டு முடிந்ததும் பேசினைக் கவிழ்த்து வைக்கும் பொறுப்பும் பிள்ளைகளுடையதாகவே இருக்கட்டும். தேங்கிய நல்ல நீரில்தான் டெங்கு கொசு முட்டையிடுகிறது.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அப்போது என் மகன் சிறு குழந்தை. இன்றும் பலமாக மழை பெய்தால் அவன் என்னை விட்டு நகர்வதில்லை; அண்ணன் விளையாடக் கூப்பிட்டாலும் போவதில்லை. அவனை எப்படித் தேற்றுவது?
– ஒரு வாசகி, ஸ்ரீவைகுண்டம்

பதில்: உங்கள் மகனின் அச்சம் நியாயமானது, சகோதரி, முதலில் அதை அவனிடமே சொல்லுங்கள். "பயப்படாதே, ஒன்றுமில்லை" என்று சொல்வது அவனுக்கு உதவாது. ஏனென்றால் ஒன்றுமில்லை என்பது உண்மையல்ல என்று அவனுக்குத் தெரியும். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்தது சாதாரண மழையன்று. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. முதல் பதிலில் சொன்ன மழைமானியை இந்தப் பிள்ளைக்கே உரியதாக்குங்கள். இன்றைய மழையை அவனே அளந்து, அது 2 சென்டிமீட்டரோ 3 சென்டிமீட்டரோ என்று கண்ட பிறகு, சுவரில் 95 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கோடு போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கட்டும். எல்லா மழையும் அந்த மழையல்ல என்பதை அவன் கண்ணே அவனுக்குச் சொல்லும்.

மின்னலைக் கண்டதும் அவனோடு சேர்ந்து நொடிகளை எண்ணுங்கள். இடியோசை ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடிகள் ஆகும்; 9 வரை எண்ணியபின் இடித்தால் மின்னல் 3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எண்ணிக் கொண்டிருக்கும் பிள்ளைக்கு நடுக்கம் சற்றுத் தணிகிறது. டார்ச் விளக்கு, பிஸ்கட், குடிநீர், மாற்றுடை, வீட்டுப் பத்திரங்கள் ஆகியவற்றை ஒரு பையில் எடுத்துவைத்து, தண்ணீர் ஏறினால் நாம் எந்த வீட்டு மாடிக்குப் போவோம் என்பதையும் அவனோடு பேசி முடிவு செய்யுங்கள். பையைச் சரிபார்க்கும் வேலையை அவனுக்கே கொடுங்கள். அவன் உங்களைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது தாயக்கட்டத்தை உங்கள் பக்கத்திலேயே விரித்து அண்ணனையும் அங்கேயே வரச் சொல்லுங்கள். விளையாட்டு பிள்ளையிடம் வர வேண்டுமே தவிர, இப்போதைக்குப் பிள்ளை விளையாட்டிடம் போக வேண்டியதில்லை. மழையில்லாத நாள்களிலும் உறக்கத்தில் அலறுவது, உணவைத் தவிர்ப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது போன்றவை தொடர்ந்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பதில் எப்படித் தயக்கமில்லையோ, அப்படியே இதிலும் தயக்கம் வேண்டாம்.

கேள்வி: எந்த விளையாட்டைத் தொடங்கினாலும் என் மகன்களிடையே சண்டையில்தான் முடிகிறது. மூத்தவனுக்குப் பத்து வயது, இளையவனுக்கு ஆறு. என்ன செய்வது?
– ஒரு வாசகி, வள்ளியூர்

பதில்: நான்கு வயது இடைவெளியில் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடும் ஆட்டத்தில் இளையவன் தோற்றுக்கொண்டே இருப்பான், தோற்பவன் ஆட்டத்தைக் கலைப்பான். ஆகவே தொடக்கத்திலேயே சலுகை விதி வைத்துவிடுங்கள். தாயத்தில் மூத்தவன் 1 விழுந்தால்தான் காயை இறக்கலாம். இளையவனுக்கு ஒரு காய் முன்னதாகவே உள்ளே இருக்கட்டும். 1, 5, 6, 12 விழுந்தால் கிடைக்கும் மறு ஆட்டத்தை இருவருக்கும் பொதுவாக வையுங்கள். வெட்டு வேண்டாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டால் சில நாள்களுக்கு அதையும் நீக்கிவிடலாம். இருவரும் ஒரே அணியாக இருந்து பெரியவரை எதிர்க்கும் ஆட்டங்களுக்கு முதலிடம் கொடுங்கள். சண்டை வந்தேவிட்டால் யார் தொடங்கியது என்று விசாரிக்காமல் ஒருவனைச் சின்ன வெங்காயம் உரிக்கவும், மற்றவனைத் துவைத்த துணி மடிக்கவும் வெவ்வேறு அறைக்கு அனுப்புங்கள்; கால் மணி நேரத்தில் இருவருமே ஒருவரை ஒருவர் தேடி வருவார்கள், அப்போது பழைய ஆட்டத்தைத் தொடர விடாமல் புதிதாக ஒன்றைத் தொடங்கி வையுங்கள்.